புதுவெளிக் கோபுரமும் சில்லாத் துறவியரும்

1867ஆம் ஆண்டு ஆகஸ்டுத் திங்கள் 28ஆம் நாள் சென்னை மாகாண அரசு ஓர் ஆணை பிறப்பித்தது. நாகப்பட்டினத்திற்கு வடக்கே, கடலை நோக்கிச் சிதைந்து நின்ற பழைய செங்கற் கோபுரம் ஒன்றை இடித்துக்கொள்ள, அந்நகரில் கல்லூரி நடத்திவந்த ஏசு சபையினருக்கு அவ்வாணை இசைவளித்தது. இடித்த செங்கல் புதிய கட்டடத்திற்குப் பயன்பட்டது. அக்கல்லூரி 1883இல் திருச்சிராப்பள்ளிக்கு இடம்பெயர்ந்து, இன்றளவும் புகழுடன் விளங்குகிறது. கோபுரம் நின்ற இடத்தில் அதன் அடித்தளம் கூடக் கண்ணுக்குத் தெரிவதில்லை.

இடிபடுவதற்கு 21 ஆண்டுகட்கு முன்னர், 1846இல், சர் வால்டர் எலியட் அதனை நேரிற் கண்டிருந்தார். நாற்சதுர வடிவம், மூன்று நிலைகள், மேற்கூரை இல்லை, சாந்து தெரியாதபடி நெருக்கி அடுக்கிய செங்கற் சுவர்கள். ஊர்மக்கள் அதனைப் புதுவெளிக் கோபுரம் என்றனர். ஐரோப்பியரோ சீனக் கோயில் என்றும் சமணக் கோயில் என்றும் தமக்குத் தோன்றியவாறு அழைத்தனர். கடலில் வரும் மாலுமியர்க்கு அது கரை காட்டும் அடையாளமாயிருந்தது. எலியட்டின் கட்டுரை 1878இல் அச்சேறியபோது அவர் எழுதிய பொருள் உலகில் இல்லை.

இக்கோபுரத்தின் வரலாற்றை நாகையின் எல்லைக்குள் நின்று எழுதிவிட இயலாது. ஈழம், கடாரம், ஸ்ரீவிஜயம், சீனம், பர்மா ஆகிய நாடுகளின் ஏடுகளில் அதன் துணுக்குகள் சிதறிக் கிடக்கின்றன. அவ்வரிசையின் கடைக்கோடியில், நாம் எளிதில் நினைத்துப் பாராத கொரிய நாடும் நிற்கிறது. தமிழருக்கும் கொரியருக்கும் உறவு தேடுவோர் வழக்கமாகச் செல்லும் வழி வேறு. நாகைத் துறைமுகத்தின் வழி வேறு. முதல் வழியைச் சுருக்கமாகக் கண்டு, இரண்டாவதில் நின்று நிதானித்துச் செல்லலாம்.

1905இல் ஹோமர் ஹல்பர்ட் என்னும் அமெரிக்கர் கொரிய மொழியையும் திராவிட மொழிகளையும் ஒப்பிட்டு இலக்கண நூல் ஒன்று எழுதினார். அன்று முதல் 'அப்பா', 'அம்மா' போன்ற ஒலியொற்றுமைகள் மேடைதோறும் பேசப்பட்டு வருகின்றன. மொழிநூலார் பெரும்பாலோர் இவ்வுறவை ஏற்றுக்கொள்ளவில்லை. குழந்தையின் முதற்சொற்கள் உலகின் பல மொழிகளிலும் ஒத்தே ஒலிக்கும். இன்னொன்று, இளவரசி கதை. கி.பி. 13ஆம் நூற்றாண்டில் இர்யோன் என்னும் பௌத்தத் துறவி தொகுத்த 'சம்குக் யுசா', கி.பி. 48இல் அயுத நாட்டு இளவரசி ஒருத்தி கப்பலேறிக் காயா நாட்டை அடைந்து அதன் மன்னன் சூரோவை மணந்தாள் என்கிறது. அவள் கொணர்ந்ததாகக் கூறப்படும் கல் தூபி கிம்ஹே நகரில் உள்ளது. அயுதம் என்பது அயோத்தி எனக் கொண்டு 2001இல் அங்கே நினைவிடமும் எழுப்பப்பட்டது. அது பாண்டி நாட்டுத் தென்கோடி ஆய் நாடே என வாதிடுவோரும் நம்மிடையே உள்ளனர். நிகழ்ந்ததாகச் சொல்லப்படும் காலத்திற்கு 12 நூற்றாண்டுகள் பின்னர் எழுதப்பட்ட செய்தி இது. கதை என்ற அளவில் அழகியது. வரலாற்றுச் சுவர் எழுப்ப அதன்மேற் கல் வைப்பதற்கில்லை.

நாகையின் வழி இதைவிட உறுதியானது. அதற்குச் சான்று அரசர்களிடமிருந்தன்று, பெயர் தெரியாத இரண்டு துறவியரிடமிருந்து வருகிறது. 7ஆம் நூற்றாண்டில் இந்தியாவுக்கு வந்து திரும்பிய சீனப் பயணி இத்சிங், தம் காலத்தில் அறம் தேடி மேற்கே சென்ற துறவியரின் வரலாறுகளைத் தொகுத்தார். அத்தொகுப்பில் கொரியத் தீபகற்பத்துச் சில்லா நாட்டவரும் பலர் உளர். அவருள் ஆரியவர்மன் நாளந்தாவில் நூல்களைப் படியெடுத்து, அங்கேயே உயிர் நீத்தார். வேறிருவர் கடல்வழியே ஸ்ரீவிஜயத்தை அடைந்து, அதற்கு மேற்கிலுள்ள பாருஸ் துறையில் நோயுற்று மாண்டனர். அவர்தம் பெயரை இத்சிங்கும் அறியவில்லை. சுமத்திராவின் மேற்குக் கரையில் முடிந்த அப்பயணம் தொடர்ந்திருப்பின் எங்குச் சென்று சேர்ந்திருக்கும்? அதே தொகுப்பில் விடைக்கு வழி உண்டு. ஊசிங் என்னும் சீனத் துறவி கடாரத்திலிருந்து 30 நாள் மேற்கே கடலில் ஓடி நாகப்பட்டினம் அடைந்தார். அங்கிருந்து இரண்டு நாளில் ஈழம் சேர்ந்தார். கிழக்கிலிருந்து வரும் துறவிக்கு நாகை, தமிழகத்தின் தலைவாயில்.

அவ்வாயிலுக்குள் நுழைந்தால் பௌத்தம் அயலது என்ற எண்ணமே எழாது. காவிரிக் கரையின் பாலி இலக்கியம் நம் புலவர் நினைவில் மங்கிப் போனது வியப்பே. உறையூரிற் பிறந்த புத்ததத்தர், 5ஆம் நூற்றாண்டில், களப்பிர மன்னன் அச்சுத விக்கிராந்தன் நாளில், சோழநாட்டுப் பூதமங்கலத்தில் அமர்ந்து வினய நூலுக்கு விளக்கம் செய்தார். காவிரிப்பூம்பட்டினத்தில் அபிதம்ம நூல் இயற்றினார். அப்பட்டினத்துப் பல்லவனீச்சரத்தில் 1960களில் தொல்லியல் துறை அகழ்ந்தபோது விகாரையின் அடித்தளமும் சுண்ணக்கல்லிற் செதுக்கிய புத்த பாதமும் வெளிப்பட்டன. 'மணிமேகலை' காட்டும் பாத பீடிகையை வெறும் கற்பனை என்று ஒதுக்கியவர்க்கு அக்கல் தக்க விடை. உரையாசிரியர் தம்மபாலர் தமது நூலொன்றை நாகப்பட்டினத்தில், தர்மாசோக மன்னன் எடுத்த விகாரையில் இருந்து எழுதியதாக அந்நூலின் இறுதியிற் குறித்துள்ளார். அசோகன் நாகையில் விகாரை எடுத்தானோ இல்லையோ, நாகைத் துறவியர் அவ்வாறு நம்பினர் என்பது தெளிவு. இச்செய்தியை நினைவில் நிறுத்துக. கொரியாவில் இதற்கு ஓர் எதிரொலி உண்டு.

தென்னாட்டிலிருந்து கிழக்கே சென்றோருள் வச்சிரபோதி தலையாயவர். காஞ்சியில் மூன்றாண்டு மழை பொய்த்தபோது இரண்டாம் நரசிம்மவர்மன் வேண்ட, அவர் மழை வேண்டி வழிபாடு இயற்றினார் எனச் சீன நூல்கள் கூறும். ஈழமும் ஸ்ரீவிஜயமும் கடந்து, கி.பி. 719-20 வாக்கிற் சீனம் புகுந்தார். அங்கே அவர்பால் வந்து பயின்ற இளந்துறவி ஹியெச்சோ, சில்லா நாட்டவர். ஆசிரியரின் நாட்டைத் தாமும் காணவேண்டி அவர் கடல்வழியே இந்தியா வந்து, தரைவழியே திரும்பி, 727இல் நடு ஆசியாவின் கூச்சாவை அடைந்தார். அவரது பயணக் குறிப்பு பன்னூற்றாண்டு மறைந்து கிடந்து, 1908இல் தூன்ஹுவாங் குகைச் சுவடிகளிடையே பிரெஞ்சு அறிஞர் பால் பெல்லியோவின் கைக்கு வந்தது. ஹியெச்சோ தாய்நாடு திரும்பவேயில்லை. தென்னாட்டு ஆசிரியரும் கொரிய மாணவரும் சீன மண்ணில் அமர்ந்து வடமொழி மந்திர நூல்களை ஆராய்ந்தனர் என்னும் இந்த ஒரு செய்திக்கு, ஒலியொற்றுமைப் பட்டியல்கள் அனைத்தும் ஈடாகா.

வச்சிரபோதியின் பிறப்பிடம் மலய நாடு, போதலக மலைக்கு அருகே என ஒரு மரபு உரைக்கிறது. அவலோகிதேசுவரர் உறையும் அம்மலையைப் பொதியிலோடு இணைத்துக் காணும் ஆய்வாளர் உளர். வீரராசேந்திரன் காலத்துப் பொன்பற்றிப் புத்தமித்திரர் இயற்றிய 'வீரசோழியம்', அகத்தியர் தமிழ் கேட்டது அவலோகிதரிடமே என்று சொல்வதை இங்கு ஒப்பு நோக்கலாம். அம்மலையின் பெயர் கொரியாவின் கீழைக் கடற்கரையையும் எட்டியது. 671இல் உய்சாங் என்னும் துறவி நிறுவியதாகக் கூறப்படும் நக்சான்சா கோயிலின் பெயர், போதலகம் என்பதன் குறுக்கமே. 2005இல் காட்டுத்தீ அக்கோயிலைப் பெரும்பாலும் எரித்தது; கொரியர் மீண்டும் எடுத்துக் கட்டினர்.

இனி நாகையின் பெருங்காலத்திற்கு வருவோம். சோழர் காலத்து விகாரை பற்றிய முதன்மைச் சான்று, 21 செப்பேடுகள் கொண்ட ஆனைமங்கலச் சாசனம். ஹாலந்து நாட்டிற்குச் சென்று, 19ஆம் நூற்றாண்டில் லெய்டன் பல்கலைக்கழக நூலகத்தைச் சேர்ந்ததால் லெய்டன் செப்பேடு என்றே ஆய்வுலகில் பெயர் பெற்றது. தமிழில் எழுதப்பட்ட ஊர் ஆவணத்திற்கு வாய்த்த பெயர் இது! அதன்படி, ஸ்ரீவிஜயத்திற்கும் கடாரத்திற்கும் தலைவனான சைலேந்திர மரபினன் மாறவிசயோத்துங்கவர்மன், தன் தந்தை சூளாமணிவர்மன் பெயரால் நாகையில் விகாரை எடுத்தான். மேருவையும் தாழச் செய்யும் உயரம் அதற்கு உண்டென வடமொழிப் பகுதி புகழ்கிறது. முதலாம் இராசராசன் தன் 21ஆம் ஆட்சியாண்டில், கி.பி. 1006 அளவில், ஆனைமங்கலம் என்னும் ஊரின் வருவாயை அதற்கு அளித்தான். அவன் வாய்மொழியாகத் தந்ததை, அவன் மறைந்த பின்னர் இராசேந்திரன் செப்பேட்டில் நிலைபெறச் செய்தான்.

வடமொழிப் பகுதி மெய்க்கீர்த்தியாளர்க்கு. தமிழ்ப் பகுதி உழவர்க்கு. பெண்யானையை எல்லை நெடுக நடத்தி ஊரை வளைத்ததும், கள்ளியும் கல்லும் நாட்டி எல்லை குறித்ததும், வாய்க்கால், குளம், நத்தம் எனப் பகுத்ததும் அங்கே அடுக்கடுக்காய் வருகின்றன. 97 வேலிக்குச் சற்று மேற்பட்ட நிலம். ஆண்டுக்கு 8,943 கலத்திற்கு மேற்பட்ட நெல். வேலிக்கு 90 கலத்தைத் தாண்டும் இக்கணக்கு, தஞ்சைப் பெரிய கோயிலுக்கு விடப்பட்ட ஊர்களின் கணக்கோடு பெரிதும் ஒத்து நிற்கிறது. சிவனுக்கு ஓர் அளவை, புத்தருக்கு ஓர் அளவை எனச் சோழ அதிகாரிகள் வைத்துக்கொள்ளவில்லை. கடல்கடந்த மன்னன் எடுத்த பள்ளியில் துறவியரின் உலை கொதித்தது காவிரி நீர் விளைவித்த நெல்லால். கீழ்வேளூர் வட்டத்தில் ஆனைமங்கலம் இன்றும் ஊராகவே உள்ளது.

செப்பேட்டை நிலைநாட்டிய அதே இராசேந்திரன்தான் 1025இல் கப்பற்படை செலுத்திக் கடாரத்தை வென்றான். அம்மன்னன் சங்கிராம விசயோத்துங்கவர்மனைச் சிறைப்பிடித்ததாக அவனது மெய்க்கீர்த்தி கூறுகிறது. நாகை விகாரைக்கு அதனால் ஊறு நேர்ந்ததாகச் சான்றில்லை. 1090இல் முதற் குலோத்துங்கன் அளித்த மூன்று ஏடுகள் கொண்ட சிறிய சாசனம், கடாரத்து அரசனின் தூதுவர் இருவர் வேண்டுகோளை ஏற்று, இராசேந்திரசோழப் பெரும்பள்ளி, இராசராசப் பெரும்பள்ளி ஆகியவற்றிற்கு உரிய ஊர்களின் வரிகளை நீக்குகிறது. கடாரம் கொண்டவன் பெயரே, கடாரத்தார் பள்ளிக்குப் பெயராயிற்று. போரும் வாணிகமும் அறமும் ஒன்றையொன்று தள்ளாமல் ஒரே துறைமுகத்தில் இடம் பெற்றிருந்தன. நாகைக் காரோணத்துச் சிவன் கோயிலுக்கும் ஸ்ரீவிஜய மன்னனின் முகவர் அணிகலன் அளித்தனர். அக்கல்வெட்டுகளில் 'சீனக் கனகம்' பேசப்படுகிறது.

பின்வந்த நூற்றாண்டுகளை விரைந்து கடக்கலாம். 14ஆம் நூற்றாண்டின் சீன வணிகர் வாங் தாயுவான், இப்பகுதிச் சமவெளியில் செங்கற் கோபுரம் ஒன்றையும், அதன்மேல் 1267ஆம் ஆண்டுக்குரிய சீன எழுத்துகளையும் குறிக்கிறார். புதுவெளிக் கோபுரம் இதுவே என்பர் ஆய்வாளர் சிலர். 1476ஆம் ஆண்டைச் சார்ந்த பர்மியக் கல்யாணிக் கல்வெட்டு, கப்பல் உடைந்து கரையேறிய துறவியர் நாகை வந்து, விகாரை இருந்த இடத்தைக் கண்டு, சீன மன்னன் அமைத்த குகையிற் புத்தரை வணங்கிய செய்தியைத் தருகிறது. குடந்தைக் கும்பேசுவரர் கோயிலில் உள்ள 1580ஆம் ஆண்டுக் கல்வெட்டொன்று இன்னும் சுவையானது. செவ்வப்ப நாயக்கர் காலத்தில் வாய்க்கால் வெட்டியபோது திருவிளந்துறைப் புத்தர் கோயில் நிலம் பாழ்பட, அதற்கு ஈடாக வேறு நிலம் விட்டனர். வாய்க்காலுக்கு இழந்த நிலத்துக்கு ஈடு கேட்கும் அளவுக்கேனும் 16ஆம் நூற்றாண்டுச் சோழநாட்டில் புத்தர் கோயில் உயிரோடிருந்தது.

இப்போது அந்த எதிரொலி. சில்லாவின் தலைநகர் கியோங்ஜுவில் ஹுவாங்நியோங்சா என்னும் பெருங்கோயில் 553இல் தொடங்கப்பட்டது. அதன் மூலவர் பற்றிச் 'சம்குக் யுசா' கூறுவது: அசோக மன்னன் பொன்னும் இரும்பும் திரட்டிப் புத்தர் படிமம் வார்க்க முயன்று இயலாமற் போகவே, அவற்றைக் கப்பலேற்றிக் கடலில் விட்டான், பல நாடுகள் தொட்டு வந்த அக்கப்பல் சில்லாவிற் கரை சேர்ந்தது, 574இல் அங்கே படிமம் உருவாயிற்று. நாகையில் அசோகன் எடுத்ததாகச் சொல்லப்பட்ட விகாரை. கியோங்ஜுவில் அசோகன் அனுப்பியதாகச் சொல்லப்பட்ட பொன். ஒரே கடலின் இரு கரையிலும் ஒரே நம்பிக்கை, ஒரே பெயரைப் பற்றி நின்றது. நாகைப் பொன் புத்தரின் முடிவையும் நம் மரபே உரைக்கிறது. திருமங்கையாழ்வார் அதனைக் கவர்ந்து, திருவரங்கத் திருப்பணிக்குப் பயன்படுத்தினார் எனக் குருபரம்பரை நூல்கள் மறைக்காமல் எழுதியுள்ளன.

ஹுவாங்நியோங்சாவின் ஒன்பது நிலை மரக்கோபுரம் 645இல் நிறைவுற்றது. 1238இல் மங்கோலியர் மூட்டிய தீயிற் கோயிலோடு எரிந்தது. அதன்பின் அங்கு ஒன்றும் எழவில்லை. ஆயினும் 1976 முதல் அவ்விடத்தைக் கொரிய அரசு முறையாக அகழ்ந்தது. தூண்களைத் தாங்கிய அடிக்கற்களும், படிமங்கள் நின்ற பீடக் கற்களும் திறந்த வெளியில் அவ்வவ்விடத்திலேயே காக்கப்படுகின்றன. வெறும் கற்கள்தாம், எனினும் கியோங்ஜுவின் வரலாற்றுப் பகுதிகள் 2000இல் உலகப் பாரம்பரியப் பட்டியலில் இடம்பெற்றபோது அக்கற்களும் அவற்றுள் அடங்கின. அதே படையெடுப்பில், 1232இல், கொரியரின் பௌத்தத் திருமறை அச்சுப்பலகைகள் எரிந்துபோயின. போர் ஓயுமுன்பே மறுபடி செதுக்கத் தொடங்கினர். அவ்வாறு உருவான 81,258 பலகைகள் ஹெயின்சா மடத்தில் இன்றும் உள்ளன. காற்றோட்டம் கணித்துக் கட்டிய அதன் மரக் கூடங்கள் 1995இல் உலகப் பட்டியலில் சேர்ந்தன. தஞ்சைப் பெரிய கோயில் 1987இலேயே சேர்ந்துவிட்டது. தஞ்சையைக் காத்த நாட்டில் நாகை ஏன் விடுபட்டது? ஆணை அயலார் ஆட்சியினது என்பது விடையின் ஒரு பாதி. தஞ்சைக்கு வழிபடுவோர் இருந்தனர், புதுவெளிக் கோபுரத்திற்கு இல்லை என்பது மறுபாதி. வழிபாடு நின்ற இடத்தையும் தன் முன்னோரின் இடமாகக் கருதும் பழக்கம் நம்மிடம் அன்று இல்லை. 'குண்டலகேசி' எந்தப் படையெடுப்பிலும் எரியவில்லை; படியெடுப்பார் இன்றி அழிந்தது.

மண்ணுக்கு அடியில் இருந்தவை மட்டும் தப்பின. 1856 முதல் 1934 வரை நாகையில் அவ்வப்போது கிடைத்த பௌத்த வெண்கலப் படிமங்கள் ஏறத்தாழ 350. சென்னை அருங்காட்சியகத்துப் படிமங்களை ஆராய்ந்து டி. என். இராமச்சந்திரன் 1954இல் வெளியிட்ட நூல் இத்துறைக்கு அடிப்படை. எஞ்சியவை பிற இந்திய அருங்காட்சியகங்களுக்கும், இலண்டனுக்கும், நியூயார்க்கிற்கும் சென்றன. கருங்கற் புத்தர்கள் ஊர்களிலேயே தங்கினர். புத்தமங்கலத்திலும் பெருஞ்சேரியிலும் பட்டீச்சுரத்திலும் அவர்களைக் காணலாம். வயலோரத்திலும் கோயிற் புறத்திலும் அமர்ந்திருக்கும் சிலருக்கு ஊரார் எண்ணெய்க்காப்பும் மாலையும் இடுகின்றனர்.

1856இல் கிடைத்த படிமங்கள் ஐந்து. விகாரை நின்ற இடத்தருகே பெரிய இலுப்பை மரம் ஒன்றை வீழ்த்தியபோது அதன் அடியில் அகப்பட்டவை அவை. கோபுரம் அப்போது இன்னும் நின்றுகொண்டிருந்தது. ஒரு படிமத்தின் பீடத்தில் எழுத்து இருந்தது. வடமொழியுமன்று, பாலியுமன்று, சீனமுமன்று. 'ஆகம பண்டிதர் உய்யக்கொண்ட நாயகர்' என்று தமிழில் எழுதியிருந்தது.